‘நான் இங்கேயே பிறந்தவள்’

ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்த ஒரு ரயில் பயணம் என்னை இன்னும் விட்டபாடில்லை. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் இருந்தால் அதிகம். எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. சொல்லப்போனால் அன்றைக்கு ஜெயித்தது நான்தான். ரயிலில் பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எதிரே நின்ற சீனப் பெண் ஒருத்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் தங்கை முதல் பெரியம்மா மகன் வரை எல்லாரும் ‘சரியான பதிலடி’ என்று போட்டார்கள். அப்படியும் பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, தூக்கம் வராத ராத்திரியில், அந்தத் தம்பி இருக்கையைவிட்டு எழுந்த விதம் கண்முன்னால் வந்து நிற்கிறது. எழுதிப் பார்த்தாலாவது அடங்குமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் திங்கட்கிழமை திதி. வாழையிலை, பூ, எள், வெற்றிலை வாங்க லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை வேலை, அதனால் ஞாயிறு சாயங்காலம்தான் முடிந்தது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் தலைவைக்க மாட்டார்கள். ‘வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டமா இருக்கும், நடக்கவே முடியாது’ என்று சொல்லிக்கொள்வோம். நானும் இருபது வருடமாக அப்படிச் சொல்லி வந்தவள்தான். பின்னால் எழுதப்போவதற்கு இது வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பஃப்ளோ ரோட்டில் இலையும் காயும், கேம்பல் லேனில் பூவும் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். நியூட்டனில் மாறி வடக்கு நோக்கிப் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் பூப்பை, காலடியில் காய்ப்பை, கையில் வாழையிலைக் கட்டு. பக்கத்தில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும் ஒரு தம்பி. கட்டம்போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். முடியில் தேங்காயெண்ணெய் வாசம். மடியில் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் பை, அதற்குள் கட்டி வாங்கிய பிரியாணிப் பொட்டலம்.

“இப்படிக் குடுங்கக்கா, கம்பில உரசி எல கிழிஞ்சிரும்” என்று இலைக்கட்டை வாங்கித் தன் முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டார்.

பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டில் விசேஷமா என்று கேட்டார். அப்பா திதி என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். இங்கேதான், ஆனால் தாத்தா மன்னார்குடிக்குப் பக்கத்தில் வடுவூர் என்றேன். அந்த முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. “அட! நான் வடுவூர்தான்க்கா! அப்ப நீங்க நம்ம ஊரு!” என்றார். வடுவூர் ஏரியைப் பற்றித் தாத்தா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். ஏரியில் தண்ணீர் தளும்பி நிற்கும் படம். நடுவில் மரங்கள், மரமெல்லாம் வெள்ளையாகப் பறவைகள். இப்போது அது பறவைகள் சரணாலயம், மழைக்காலத்தில் எங்கெங்கிருந்தோ வரும் என்றார். போன தடவை ஊருக்குப் போனபோது எடுத்ததாம். “நம்பர் சொல்லுங்கக்கா, அனுப்புறேன். அம்மாகிட்ட காட்டுங்க” என்றார். சொல்ல ஆரம்பித்தேன்.

பிராடல் தாண்டி ரயில் சுரங்கத்திலிருந்து மேலே வந்து, பீஷானில் நின்று கிளம்பியிருந்தது. எங்களுக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்த ஒரு சீனப் பெரியவர், அறுபத்தைந்து வயதிருக்கும், மூக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு பொதுவாக ரயிலைப் பார்த்துச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் சொன்னார். நாற்றம் தாங்கவில்லை, சத்தம் தாங்கவில்லை, எங்கே பார்த்தாலும் இவர்கள்தான். பிறகு நேராக எங்களைப் பார்த்து: “கோ பேக் டு யுவர் கன்ட்ரி லா.”

எனக்கு யோசிக்க ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. இதற்கான பதில் பல வருடமாக என்னிடம் தயாராக இருந்தது. குரலை உயர்த்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்: “அங்கிள், நான் இங்கேயே பிறந்தவள். என் அப்பா இங்கே பிறந்தவர். என் மகன் இப்போது பூலாவ் தேக்கோங்கில் ராணுவப் பயிற்சியில் இருக்கிறான், உங்களையும் சேர்த்துக் காப்பதற்காக. நான் எந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், சொல்லுங்கள்.” அவருக்குப் பேச்சு வரவில்லை. போனைப் பார்த்தார். அங் மோ கியோ வந்ததும் இறங்கினாரோ, வேறு பெட்டிக்கு மாறினாரோ, போய்விட்டார். தலையாட்டல்களும் கட்டைவிரலும் அப்போதுதான். என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அது சந்தோஷப் படபடப்பு. திரும்பிப் பார்த்தேன். தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தார். இலைக்கட்டைத் தன் இருக்கையில் பத்திரமாக வைத்திருந்தார். “நீங்க வச்சுக்குங்கக்கா, நான் நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றார். பிரியாணிப் பையின் வாயை முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

யீஷூனில் இறங்குவதற்காகக் கதவருகே போனேன். அவர் கிராஞ்சிவரை போக வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, “இவங்க இப்படித்தான் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க” என்றேன். அவர் மரியாதையாகச் சொன்னார்: “சரியாத்தான் சொன்னீங்கக்கா. நீங்க இந்த ஊர்க்காரங்க. உங்களப் போயி அப்படிச் சொல்லலாமா?”

கதவு மூடியது. நடைமேடையில் நின்றபோதுதான் அந்த வாக்கியம் உள்ளே இறங்கியது. அதிலிருந்த ‘போயி’ என்ற சொல் இறங்கியது. நான்கு நிலையத்துக்கு முன்னால் ‘நம்ம ஊரு’ என்று சொன்ன அதே வாயால் ‘நீங்க இந்த ஊர்க்காரங்க’ என்று சொல்லவைத்தவள் நான். அந்தப் பெரியவர் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் திட்டினார். நான் என்னை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

தயாராக இருந்த பதில்

இந்தப் பதிலை நான் எங்கே படித்துக்கொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தொடக்கப்பள்ளியில் எங்களைப் பார்த்து ‘ஆபுநேநே’ என்று ராகம் போடுவார்கள். தமிழ் பேசுவதைக் கேலி செய்யும் சத்தம் அது, அர்த்தம் ஒன்றும் கிடையாது. அழுதுகொண்டு போனால் அம்மா “காதுல வாங்காதே, ரெண்டு நாள் கத்திட்டு விட்டுருவாங்க” என்பார். காதில் வாங்காமல் இருப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் காலத்தில் சந்தையில் இந்தியர்களை இளக்காரமாகக் கூப்பிட்ட ‘கெலிங்’ என்ற சொல்லை வாங்காமலே இருந்து பழகியவர் அவர். உயர்நிலைப் பள்ளியில் நான் சேர்ந்து சிரிக்கப் பழகினேன். ‘விளக்கை அணைத்தால் உன் பல் மட்டும்தான் தெரியும்’ என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு முன்னால் நானே சொல்லிச் சிரித்துவிடுவேன். அந்த வயதில் அதைத் தைரியம் என்று நினைத்தேன்.

வேலைக்குப் போன பிறகுதான் மூன்றாவது வழி கிடைத்தது: சான்று காட்டுவது. கல்யாணமான புதிதில் அரசாங்கத்தின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கைக்கு வரும்வரை வாடகைக்கு வீடு தேடினோம். முகவர்களிடம் போனில் பேசும்போது குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். “நீங்கள் இந்தியரா? வீட்டுக்காரர் விரும்பமாட்டார்” என்பார்கள், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. நான் உடனே சொல்வேன்: “நாங்கள் லோக்கல் இந்தியர்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். அதிகம் சமைக்கமாட்டோம்.” அதிகம் சமைக்காதவள் ஒன்றும் இல்லை நான். ஒரு மீன்குழம்பு வைத்தால் மாடி முழுக்க மணக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் கடைசியில் வீடு கிடைத்தது. அந்த வீட்டில் இரண்டு வருடமும் சாம்பார் தாளிக்கும்போது சன்னலைச் சாத்திக்கொண்டு தாளித்தேன்.

டாக்சியிலும் இப்படித்தான். ஓட்டுநர் நன்றாகப் பேசிக்கொண்டு வருவார். இறங்கும்போது, “நீ மற்ற இந்தியர்களைப் போல இல்லை, நல்ல ஆள்” என்பார். வாழ்த்தாகத்தான் சொல்கிறார், மனதில் கள்ளம் இல்லை. நானும் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறேன், ஒருமுறையல்ல பலமுறை. அந்த ‘மற்ற இந்தியர்கள்’ யார் என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் லாரியின் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களைக் காட்டியிருப்பார். நானும் ‘ஓ, அவர்களா’ என்று நினைத்திருப்பேன். ‘நான் இங்கேயே பிறந்தவள்’ என்ற பதிலை இந்த நன்றிகளிலிருந்துதான் செய்து வைத்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

‘கூட’

2021 மே மாதம் சுவா சூ காங்கில் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 55 வயதுப் பெண்மணி வேகநடை போய்க்கொண்டிருந்தார். வேகமாக நடக்கும்போது முகக்கவசத்தை இறக்கிக்கொள்ள அன்றைக்கு அனுமதி இருந்தது. ஒருவன் இனத்தைச் சொல்லித் திட்டினான். அந்த அம்மா சண்டை வேண்டாம் என்று ‘கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவன் ஓடிவந்து நெஞ்சில் உதைத்தான். 2023-இல் அவனுக்கு 36 வாரச் சிறை கிடைத்தது. முன்பின் தெரியாதவர் இனத்தைச் சொல்லித் திட்டும்போது எப்படிப் பதில் சொல்வது என்று எனக்கு யாராவது அறிவுரை சொல்ல வந்தால், அந்த அம்மா சொன்ன பதில்தான் நினைவுக்கு வரும். அதைவிடச் சாந்தமாக எவராலும் சொல்லியிருக்க முடியாது.

அந்த வாரம் எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்க இதுதான். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னோம்: “இப்ப சிங்கப்பூர் இந்தியர்களைக்கூட விடமாட்டேங்கிறாங்க.” அந்தச் சமயத்தில் ‘சீகா’ என்ற சொல் எங்கும் புழங்கியது. 2005-இல் இந்தியாவோடு கையெழுத்தான பொருளியல் ஒப்பந்தத்தின் சுருக்கப்பெயர் அது. இந்திய முகம் உள்ள யாரையும் திட்ட உதவும் சொல்லாக மாறியிருந்தது. நம்மவர்கள் பலர் அதற்குச் சொன்ன பதில், ‘நான் சீகா இல்லை’. எங்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டோம். ரயில் சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தக் ‘கூட’ எனக்கு உறைக்கிறது. தமிழில் இரண்டெழுத்துச் சொல். இன்னொருத்தரை உதைத்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று அந்த இரண்டெழுத்து சொல்கிறது.

அதற்கு முந்தைய வருடம் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். 2020 ஏப்ரலில் ஊழியர் தங்குவிடுதிகளை மூடினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. ஒரு அறையில் பத்து, பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில். அந்த டிசம்பரில் மனிதவள அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். அந்தச் சமயத்தில் சீன நாளிதழ் ஒன்றில் வந்த வாசகர் கடிதம், கையால் சாப்பிடுவது முதலான அவர்களுடைய பழக்கங்கள்தான் காரணம் என்றது. எனக்கு அதைப் படித்துக் கோபம் வந்தது. ஆனால் என் கோபம், ‘நாங்களும்தானே கையால் சாப்பிடுகிறோம், எங்களுக்கு வரவில்லையே’ என்பதாக இருந்தது. விடுதியைப் பற்றி இல்லை, அந்தக் கட்டில்களைப் பற்றி இல்லை. நாம் எல்லாரும் கடைத்தொகுதிக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். 2022-இல், ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக அவர்கள் மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. தேக்காவில் பூ வாங்க ஒரு மனிதருக்கு அனுமதிச் சீட்டு. அதைச் செய்தியில் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

2008-இல் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஊழியர் விடுதி வரப்போகிறது என்றதும் அங்கே குடியிருப்பவர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். கடைசியில் விடுதி வந்தது, ஊழியர்கள் குடியிருப்புப் பகுதிக்குள் வராமல் போய்வரத் தனிச்சாலையும் வந்தது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு சீனத் தோழி அந்த மனுவைக் கேவலம் என்று திட்டினாள். நான், ‘வயசானவங்க இருக்கிற ஏரியா, பயம் இருக்கத்தானே செய்யும்’ என்றேன். பதினெட்டு வருடம் ஆகப்போகிறது. அவள் முகம் போனது நன்றாக நினைவிருக்கிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் 9 சதவீதம். வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 சதவீதம். தமிழ் அருகிவருகிறது என்று நாம் கவலைப்படும்போதெல்லாம் இந்த எண்களைச் சொல்லிக்கொள்வோம். அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. கிராஞ்சிக்குப் போன தம்பி அந்த 9-இலும் இல்லை, 2.5-இலும் இல்லை. அன்றைக்கு அந்த ரயில்பெட்டியில் என்னைவிட நல்ல தமிழ் பேசியவர் அவர்.

தாத்தா நின்ற வரிசை

தாத்தா 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தஞ்சோங் பகார் பக்கம் ஒரு அறையில் எட்டுப் பேர் என்று அப்பா சொல்வார். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பதால் காலையில் கஞ்சி, ராத்திரி மட்டும் சோறு. ஞாயிற்றுக்கிழமை குளித்து, வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தே போவாராம். இதைப் பெருமையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இனநல்லிணக்க நாளுக்கு மகனுடைய பள்ளியில் கேட்டபோது தாத்தாவின் படத்தைக் கொடுத்துவிட்டு, ‘முன்னோடி’ என்று அடியில் எழுதிக் கொடுத்தேன். தேய்த்த கட்டம்போட்ட சட்டையும் தேங்காயெண்ணெயுமாக ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து திரும்பும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தாத்தா நினைவு வந்ததுதான். ஏரியைப் பார்த்தபோது வந்தது. பதில் சொன்னபோது எங்கே போனது என்று தெரியவில்லை.

1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தாத்தா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று பதிந்துகொண்டார். கூடவே தங்கியிருந்த இரண்டு பேர், ‘இன்னும் ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போகப்போறோம், இது எதுக்கு’ என்று பதியாமல் விட்டார்களாம். நான் ரயிலில் அடுக்கிய சான்றுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த அரைநாள்தான். அப்பா இங்கே பிறந்தார், நான் பிறந்தேன், மகன் தேசிய சேவைக்குப் போனான். இன்றைக்கு வேலை அனுமதிச்சீட்டில் கட்டுமானத் தளத்துக்கு வருகிற ஒருவருக்கு அப்படிப் போய் நிற்க ஒரு வரிசை கிடையாது. மனைவி மக்களை அழைத்துவர முடியாது. எத்தனை வருடம் இருந்தாலும் ஒரு நாள் சீட்டு முடியும், போகத்தான் வேண்டும். ‘எந்த நாட்டுக்குத் திரும்பிப் போக’ என்று என்னால் கேட்க முடிகிறது. அவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதனால் அந்தப் பெரியவர் அவரைப் பார்த்துச் சொன்னது நியாயமாகிவிடுமா? என் பதில் அப்படித்தான் ஒப்புக்கொண்டது.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெரியவரின் வாயை அடைத்ததற்கு எனக்கு வருத்தம் கிடையாது. இனநல்லிணக்கத்துக்குத் தனிச்சட்டமே 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அது வேண்டும்தான். ஆனால் பீஷானுக்கும் அங் மோ கியோவுக்கும் நடுவில் போலீஸும் கிடையாது, சட்டமும் கிடையாது. அங்கே இருந்தது என் வாய் மட்டும்தான். அதில் எந்த வாக்கியம் வந்தது என்பதுதான் என் கவலை. பல ராத்திரி யோசித்துவிட்டு இப்போது வைத்திருக்கும் வாக்கியம் ரொம்பச் சின்னது: “அங்கிள், ஆட்களிடம் இப்படிப் பேசாதீர்கள்.” பிறந்த ஊர் இல்லை, மகன் இல்லை, ராணுவம் இல்லை. இதைச் சொன்னால் யாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்களா என்பது சந்தேகம். அவர் திருப்பித் திட்டவும் கூடும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க வேண்டியிருக்காது.

கோயிலில்

இதைச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு போன மாதம் வந்தது, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. ஒரு கோயிலில் அன்னதான வரிசை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊழியர்கள் நிறையப் பேர் நின்றார்கள். எனக்குப் பின்னால் பட்டுப்புடவையில் ஒரு அம்மா, என் வயதுதான், முன்பின் தெரியாதவர். என் காதருகே குனிந்து, “நீங்க லோக்கல்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. “சாப்பாட்டுக்குன்னே வர்றானுங்க பாருங்க. சாமி கும்பிடறானுங்களா என்ன? இவனுங்களாலதான் நமக்கும் சேர்த்துக் கெட்ட பேரு.” குனிந்து சொன்னாரே தவிரக் குரலைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்றவருடைய பின்கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன். கழுத்தில் வெயில் பட்டுக் கருத்த இடமும், சட்டைக் காலருக்குக் கீழே கருக்காத இடமும் கோடு போட்டதுபோலப் பிரிந்து தெரிந்தன.

சீனப் பெரியவரிடம் ஒரு நொடியில் பதில் சொன்னவளுக்கு இங்கே வாய் எழவில்லை. கோயில், நம் ஜனம், சிரித்த முகம், நம்பிக்கையோடு என்னைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட பேச்சு. அந்த அம்மா சொன்னது என்னுடைய வாக்கியமும்தானே. வரிசை இரண்டடி நகர்ந்தது. நகர்ந்த பிறகுதான் சொன்னேன். “அப்படிப் பேசாதீங்கம்மா. வரிசையில நின்னுதானே வாங்குறாங்க, நம்மள மாதிரி.” குரல் லேசாக நடுங்கியது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் பொதுவாத்தான் சொன்னேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு முடிந்தது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை வாங்கினார், தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழுவில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறும் திரும்பி வரும்போது வடக்கு ரயிலில்தான் வந்தேன். கட்டம்போட்ட சட்டைகள் நிறைய இருந்தன, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. என் போன் எண்ணில் ஐந்து இலக்கம்தான் சொல்லியிருந்தேன், அதற்குள் பெரியவர் பேசிவிட்டார். மீதி மூன்றை அவர் பிறகு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திதியன்று அம்மா, “வடுவூர்ப் பையன் ஏதோ ஏரிப் படம் அனுப்பறேன்னு சொன்னான்னியே, வந்துச்சா?” என்று கேட்டார். இப்போதும் நடுநடுவே கேட்கிறார்.